புத்தகத்துக்கு முகவரி எழுதிய கணக்கு வாத்தியார்



நம்ம ஊத்துக்குளிப் பக்கம் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியின் ஆபீஸ் ரூமுக்குள் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டரைத் திறந்தால் பையர் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் சீசன். சீசனுக்குள் ஸ்டைல் நம்பர். ஸ்டைலுக்குள் கலர், கலருக்குள் சைஸ், அதற்கும் உள்ளே அளவுச் சீட்டு, பிரிண்ட் டிசைன், பேக்கிங் லிஸ்ட் என்று பெட்டிக்குள் பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கும். இத்தனையையும் ஒரு புரோகிராம் தானே திறந்து பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும் என்றால் எப்படி எழுதுவது? டிப்ளமோ படிக்கிற நம்மில் பலர் ப்ராஜெக்ட் என்று கையில் எடுப்பது இந்த மாதிரி வேலையைத்தான்.

எழுதிவிடலாம். நம்ம கம்ப்யூட்டரில் ஓடவும் ஓடும். வைவாவுக்கு முதல் நாள் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், ஒரு ஃபைலும் இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். காரணம் ரொம்பச் சின்னது. டி டிரைவ், அதில் இன்ன பெயருள்ள ஃபோல்டர் என்று புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருப்போம். அந்தக் கம்ப்யூட்டரில் டி டிரைவே இருக்காது. லினக்ஸ் என்றால் டிரைவ் எழுத்து என்ற பேச்சே கிடையாது. சாய்கோடுகூட எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் தேடிப் போகிறவனுக்குத்தான் வழி தெரியவில்லை.

இந்தத் தவிப்பு கம்ப்யூட்டரோடு பிறந்தது அல்ல. பெரிய நூலகங்களில் புத்தகம் இருந்தும் கிடைக்காமல் போன கதை அதற்கும் பழையது. அந்தக் கதைக்கு முடிவு தேடித் தன் வாழ்நாளையே செலவிட்ட ஒரு தமிழ்நாட்டு மனிதரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர்தான் இந்திய நூலகத் தந்தை சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன்.

சீர்காழியிலிருந்து கோயம்புத்தூர் வழியாக

1892 ஆகஸ்டில் அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தவர் ரங்கநாதன். ஆறு வயதில் தகப்பனாரை இழந்தார். உள்ளூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பேசும்போது நாக்கு திக்கும். அந்தக் குறையோடுதான் வாத்தியார் வேலைக்கே போனார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் எடுத்து பி.ஏ., எம்.ஏ. முடித்தார். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சியும் பெற்றார்.

1917ல் அரசுக் கல்லூரி வேலை கிடைத்தது. முதலில் மங்களூர். அப்புறம் நம்ம கோயம்புத்தூர். அங்கே அரசுக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, 1921ல் சென்னை பிரசிடென்சி கல்லூரிக்குப் போனார். அது வரைக்கும் அவர் வாழ்க்கையில் நூலகம் என்ற சொல்லுக்குப் பெரிய இடம் எதுவும் இல்லை. கணக்குதான் உயிர். கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கையைப் பற்றிப் பிற்காலத்தில், 1967ல், ஒரு புத்தகமே எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

வேண்டாம் என்று ஓடிய வேலை

சென்னைப் பல்கலைக்கழகம் 1923ல் நூலகர் என்று ஒரு பதவியை உண்டாக்கியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். முறையாக நூலகப் படிப்புப் படித்தவர் அதில் ஒருத்தரும் இல்லை. ரங்கநாதனும் விண்ணப்பம் போட்டுவிட்டு மறந்தே போனார். நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததும் என்சைக்ளோபீடியாவில் நூலகம் பற்றிய கட்டுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நாமும் வைவாவுக்கு இப்படித்தானே போகிறோம்! ஆனால் கணிதத்தில் அவர் செய்திருந்த ஆராய்ச்சி கைகொடுத்தது. 1924 ஜனவரியில் அவரே முதல் நூலகர் ஆனார்.

வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே வெறுத்துப் போய்விட்டது. வகுப்பு நிறையப் பையன்களோடு இருந்த மனிதரைப் பேச்சுத்துணை இல்லாத அறையில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? திரும்ப வாத்தியார் வேலையே கொடுங்கள் என்று போய் நின்றார். அதிகாரிகள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் பழைய வேலைக்கே போய்க்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1924லேயே கப்பல் ஏறினார்.

பொம்மைக் கடையில் கிடைத்த விடை

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகர் அவருக்கு வகைப்படுத்தும் கலையைக் கற்றுக் கொடுத்தார். ரங்கநாதன் வகுப்போடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஏராளமான நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். கணக்கு வாத்தியாரின் கண் அங்கே ஒரு குறையைப் பிடித்தது.

பழைய நூலகங்களில் புத்தகத்தின் எண் என்பது அது இருக்கும் இடத்தின் எண்தான். இந்த அறை, இந்த அலமாரி, இந்தத் தட்டு, இடமிருந்து இத்தனையாவது புத்தகம். புதிதாய் நாலு அலமாரி வந்தாலோ, கட்டடம் மாறினாலோ அத்தனை எண்ணும் பொய்யாகிவிடும். டி டிரைவ் என்று எழுதி வைத்த நம்ம புரோகிராம் மாதிரிதான். 1876ல் அமெரிக்கர் மெல்வில் டியூயி தசம எண் முறையைக் கொண்டு வந்து, எண்ணை அலமாரியிலிருந்து பிரித்துப் பாடப்பொருளோடு கட்டினார். அது பெரிய முன்னேற்றம். ஆனால் டியூயியின் முறை பெரும்பாலும் முன்கூட்டியே போட்டு வைத்த பட்டியல். மரம் ஏற்கனவே வரையப்பட்டுவிட்டது; புது விஷயம் வந்தால் ஏதோ ஒரு கிளையில் அதை இடுக்கித்தான் வைக்க வேண்டும். இரண்டு மூன்று விஷயங்கள் கலந்து வந்த புத்தகம் என்றால் தகராறுதான்.

இந்த யோசனையோடு இருந்தவர் ஒருநாள் லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடைக்குப் போனார். அங்கே மெக்கானோ என்ற பொம்மை விற்றுக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை ஒரு விதமாகப் பூட்டினால் கிரேன். வேறு விதமாகப் பூட்டினால் வண்டி. ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. எல்லாப் பாடங்களுக்கும் முன்கூட்டியே பட்டியல் எதற்கு? சின்னச் சின்னத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். புத்தகம் வந்ததும் வேண்டிய துண்டுகளைப் பூட்டி அதன் எண்ணைக் கட்டிக்கொள்ளலாம். அப்போது நட்டு போல்ட்டாக அவர் பயன்படுத்தியது முக்காற்புள்ளி. அதனால்தான் அந்த முறைக்கு கோலன் வகைப்பாடு என்று பெயர் வந்தது.

1925ல் ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் இருந்த சின்ன நூலகத்திலேயே இதைப் போட்டுப் பார்த்தார். சென்னையில் இறங்கியபோது கணக்கு வேலையைத் திரும்பக் கேட்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

இருபது ஆண்டுத் தவம்

அடுத்த 20 ஆண்டுகள் அவர் விடுமுறை என்பதையே அறியாமல் உழைத்தார். பூட்டி வைத்த அலமாரிகளைத் திறந்தார். வாசகர்கள் தாங்களே உள்ளே போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம் என்று செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரமும் நீண்டது. அந்தக் காலத்தில் பல்கலைக்கழக நூலகம் ஒரே இடத்திலும் இருக்கவில்லை. எழும்பூர் கன்னிமாரா கட்டடத்திலிருந்து 1928ல் செனட் ஹவுசுக்கும், 1936ல் கடற்கரை ஓரத்துப் புதுக் கட்டடத்துக்கும் இடம் பெயர்ந்தது. எண் அலமாரியைச் சேர்ந்ததாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டும். பொருளைச் சேர்ந்ததாக இருந்தால் புத்தகம் எங்கே போனாலும் எண் கூடவே போகும்.

1933ல் கோலன் வகைப்பாடு அச்சில் வந்தது. அதன் பின் அவர் திருத்தித் திருத்தி வளர்த்ததில், எந்தப் பாடத்தையும் ஐந்து முகங்களாகப் பிரிக்கலாம் என்று கண்டார். முதன்மையான பொருள் எது, அது எதனால் ஆனது, அதில் என்ன செயல் நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம் என்ற ஐந்து கேள்விகள். ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனி நிறுத்தக்குறி. நம்ம தொழிலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். டி ஷர்ட் என்பது முதன்மைப் பொருள். பருத்தி நூல் என்பது அது ஆன பொருள். சாயம் ஏற்றுவது செயல். திருப்பூர் இடம். 1995 காலம். துண்டுகளைப் பூட்டினால் 1995ல் திருப்பூரில் பருத்தி டி ஷர்ட்டுக்குச் சாயம் ஏற்றுவது பற்றிய புத்தகத்துக்கு முகவரி தயார்.

கணக்கு வாத்தியாரின் கைவண்ணம் எண்களிலும் தெரியும். 1 முதல் 9 வரை இடம் நிரம்பிவிட்டால் பத்தாவதுக்கு எங்கே போவது? 8 வரைக்கும் மட்டும் பெயர் வைத்தார். 9 என்பதைக் காலியாக விட்டார். 9 வந்தால் அடுத்த எண்ணையும் சேர்த்துப் படி என்று பொருள். 91, 92 என்று 98 வரை இன்னும் எட்டு இடம். அப்புறம் 991. இப்படிப் போனால் முடிவே இல்லை. எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறையைப் படிக்கிற நமக்கு இது உடனே பிடிபடும்.

உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும்

இங்கேதான் நண்பர்களே, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகிற நம்ம புரோகிராமுக்கு அவர் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

அறிவு என்பது கிளை கிளையாகப் பிரிகிற மரம். ஆனால் அலமாரித் தட்டு ஒரே நேர்கோடு. மரத்தை நேர்கோட்டில் எப்படி அடுக்குவது? பொதுவான புத்தகம் முதலில். அதற்கு அடுத்து அதன் முதல் கிளை, அந்தக் கிளையின் கிளைகள் எல்லாம் முடிந்த பிறகு இரண்டாவது கிளை. வேளாண்மை, பிறகு பருத்தி, பிறகு பருத்தியின் நோய்கள் என்று அடுக்கு போகும். ஒரு ஃபோல்டரின் பெயரை முதலில் எழுதி, அதன் உள்ளே ஆழம் வரை போய் முடித்துவிட்டு, திரும்பி வந்து பக்கத்து ஃபோல்டருக்குப் போகிற புரோகிராம் செய்வதும் அச்சு அசல் இதையேதான்.

திரும்பி வரும் வழியையும் அவர் விடவில்லை. சங்கிலி முறை என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். பருத்தியின் நோய்கள் பற்றிய புத்தகத்தின் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசிக் கண்ணியிலிருந்து மேலே ஏற வேண்டும். நோய், பருத்தி, வேளாண்மை என்று ஒரு அட்டை. பருத்தி, வேளாண்மை என்று ஒரு அட்டை. வேளாண்மை என்று ஒரு அட்டை. வாசகர் எந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு வந்தாலும் ஏதோ ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு புத்தகத்துக்குப் போய்விடலாம். பிரிட்டனின் தேசிய நூற்பட்டியல் 1950 முதல் 20 ஆண்டுகள் இந்த முறையைத்தான் கையாண்டது. நம்ம ஊர் மனிதர் போட்ட வழியில் வெள்ளைக்காரர்கள் புத்தகம் தேடினார்கள்!

துக்கமும் விதிகளும்

1928ஆம் ஆண்டை அவர் வாழ்க்கையில் மறக்க முடியாது. நூலகவியலின் ஐந்து விதிகள் அவர் மனதில் உருவானது அந்த ஆண்டு. மனைவி ருக்மணி திருவல்லிக்கேணிக் கோவில் குளத்தில் தவறி விழுந்து இறந்துபோனதும் அதே ஆண்டு. மறு ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தார். நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியதும் 1929லேதான். துக்கத்தை வேலையில் கரைத்தார் என்றுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1931ல் அந்த விதிகள் புத்தகமாக வந்தன. சாரம் இதுதான்: நூல் இருப்பது பயன்பட, ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். நூல் என்று இருக்கும் இடத்தில் ஃபைல் என்று போட்டுப் படியுங்கள். நல்ல புரோகிராம் எப்படி இருக்க வேண்டும் என்பது தானே வந்துவிடும்.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டு வண்டி ஒன்றில் புத்தகத் தட்டுகளைப் பொருத்தி கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். ரங்கநாதன் முன்நின்று நடத்திய சென்னை நூலகச் சங்கத்தின் இயக்கம் ஊர்களில் பரவிய காலம் அது. நூலகத்துக்கு வர முடியாதவனிடம் நூலகமே போனது. எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் வேலை செய்ய வேண்டும் என்ற தத்துவத்துக்கு இதைவிட நல்ல படம் கிடைக்குமா?

பெரிய நூலகத்தில் நல்ல ஏற்பாடு செய்துவிட்டால் போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஏழைப் பையனுக்கும் ஊரிலேயே நூலகம் வேண்டும். அது யாரோ ஒருவர் தருகிற தர்மமாக இல்லாமல் சட்டப்படி கிடைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். 1948ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்து அதை நிறைவேற்றியவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். திருப்பூரில் பிறந்தவர், நம்ம பக்கத்து மனிதர்! வீட்டு வரியோடு சேர்த்து நாம் கட்டுகிற நூலக வரியும், ஊர் ஊராக இருக்கிற கிளை நூலகங்களும் அந்தச் சட்டத்தின் வழியாக வந்தவையே.

கடைசி வரை

சென்னையை விட்டபின் 1945ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரண்டே ஆண்டில் சுமார் ஒரு லட்சம் நூல்களைத் தன் கையாலேயே வகைப்படுத்தினார் என்கிறார்கள். 1947 முதல் 1955 வரை தில்லிப் பல்கலைக்கழகம். அப்புறம் இரண்டு ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரம். 1957ல் பத்மஸ்ரீ பட்டம். தான் சேர்த்து வைத்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். அந்தக் காலத்து லட்சம் என்பது எவ்வளவு என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

பெங்களூரில் குடியேறிய பிறகு, 70 வயதில், 1962ல் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். ஆகஸ்ட் 12ஐ அவர் நினைவாக நாடு தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறது.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோலன் எண்கள் நீளமானவை. புத்தக முதுகில் ஒட்டக் கஷ்டம், பழகவும் நாளாகும். அதனால் நம்ம நாட்டிலேயே பல நூலகங்கள் டியூயி முறையில்தான் இருக்கின்றன. ஆனால் அவர் கருத்து தோற்கவில்லை. இன்று போனில் சட்டை வாங்கும்போது சைஸ் ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம், விலை ஒரு பக்கம் என்று தட்டித் தட்டித் தேடுகிறோமே, ஒரே பொருளுக்குப் பல முகம் என்ற அந்த யோசனைக்கு நூலக உலகில் உருவம் கொடுத்தவர் ரங்கநாதன்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இனி நம்ம ப்ராஜெக்டுக்கு வருவோம். 1983ல் வந்த எம்எஸ் டாஸ் இரண்டாம் பதிப்பில்தான் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் வசதியே வந்தது. யூனிக்ஸ் பயன்படுத்திய சாய்கோடு டாஸில் ஏற்கனவே வேறு வேலைக்குப் போய்விட்டதால், எதிர்ப்பக்கச் சாய்கோட்டை வைத்தார்கள். அந்த வித்தியாசம் இன்று வரை நம்மைப் படுத்துகிறது. ஆகவே சாய்கோட்டை நாமே கையால் ஒட்ட வேண்டாம். பைத்தானில் 2003லிருந்து ஓஎஸ் டாட் வாக் இருக்கிறது, 2014லிருந்து பாத்லிப் இருக்கிறது. சி பிளஸ் பிளஸ் மொழியில் 2017ஆம் ஆண்டுத் தரத்தோடு ஃபைல்சிஸ்டம் நூலகம் வந்துவிட்டது. எந்தக் கம்ப்யூட்டரோ அதற்கேற்ற சாய்கோட்டை அவையே பார்த்துக்கொள்ளும்.

தொடங்கும் ஃபோல்டர் எது என்பதைப் பயன்படுத்துகிறவரிடம் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து உள்ளே போகும் வழியை மட்டும் குறித்து வையுங்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸில் பொதுவாக ஒன்று, லினக்ஸில் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். ஒரு ஃபோல்டருக்குள் மேல் ஃபோல்டருக்கே போகும் குறுக்கு இணைப்பு இருந்தால் புரோகிராம் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இணைப்புகளைப் பின்தொடராமல் விடுவதுதான் மேலே சொன்ன கருவிகளின் இயல்பு; காரணம் இல்லாமல் அதை மாற்ற வேண்டாம். கணக்கெடுக்க மேலிருந்து கீழே போகலாம். அழிக்க வேண்டும் என்றால் கீழிருந்து மேலே வர வேண்டும், ஏனென்றால் உள்ளே பொருள் இருக்கிற பெட்டியைத் தூக்கிப் போட முடியாது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே பாடம்தான். முகவரியை அலமாரிக்கு எழுதாதே, பொருளுக்கு எழுது. அலமாரி மாறும், கட்டடம் மாறும், கம்ப்யூட்டர் மாறும். நாம் டிப்ளமோ முடித்துப் போன பிறகு, நம்மை யார் என்றே தெரியாத ஒரு தங்கச்சியோ தம்பியோ ஏதோ ஒரு பனியன் கம்பெனியில் உட்கார்ந்து நாம் எழுதிய புரோகிராமை ஓட்டுவார்கள். ராத்திரி லோடு ஏற்ற வேண்டிய அவசரத்தில் பேக்கிங் லிஸ்ட்டைத் தேடுவார்கள். அவர்கள் நேரம் மிச்சமானால், திக்கித் திக்கிப் பேசிய அந்தக் கணக்கு வாத்தியாரின் நாலாவது விதியை நாமும் காப்பாற்றினோம் என்று பொருள்.